வராதவருக்கு ஒரு சட்டை

அத்தியாயம் 14

இரண்டு நாளாக அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு நின்றுபோய்விடவில்லை, சுற்றி வந்தது.

"இஸ்திரி மேஜையை நகர்த்தணும்னா இப்பவே நகர்த்தணும்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க மாமா" என்பாள் அண்ணி. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் நாத்தனார், "நகர்த்தலாம்னு சொல்லுங்கப்பா" என்பாள். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் இருவருக்கும் நடுவே நின்று ஒருத்திக்குப் பச்சைக்கொடியும் இன்னொருத்திக்குச் சிவப்புக்கொடியும் காட்டிக்கொண்டிருந்தார். வேலையில் இருந்தபோதுகூட இவ்வளவு கவனமாக இருந்ததில்லை என்று அலுத்துக்கொண்டார்.

நாத்தனார் பள்ளிக்கூடத்து டீச்சர். அவள் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டே, அவளுடைய அண்ணன் மனைவி அந்தத் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள். தெருமுனையில் இருக்கும் லாண்டரியை நடத்துகிறவள் அண்ணிதான். கீழே கடை, மேலே வீடு, பின்னால் துணி காயப்போடும் முற்றம்.

பழைய ஆலைக் குடியிருப்பில் மூன்று பேருந்துகளில் வந்து இறங்கியவர்களைப் பற்றி முன்பே பார்த்தோம். எல்லைக்கு அந்தப்பக்கம் சண்டை மூண்டு, உடுத்திய துணியோடு ஓடி வந்தவர்கள். பேச்சு நம்முடைய பேச்சுதான், இழுப்பு மட்டும் வேறு. அவர்களுக்கு முதல் தடவை துணி கொடுத்த விதம் ஊருக்கே அவமானமாகப் போயிற்று. ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டினார்கள். முன்னால் நின்றவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து வாரிக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு கிழவர் பெண்கள் போடும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார்.

அதைக் கண்ணால் பார்த்த டீச்சருக்கு ஆறவில்லை. "கொட்டிப் பொறுக்கிக்கச் சொல்றதுக்குப் பேரு குடுக்கறது இல்ல" என்று வீட்டுக்கு வந்து குதித்தாள். கடை மாதிரி இருக்க வேண்டும், அளவு வாரியாகத் தொங்க வேண்டும், கண்ணாடி இருக்க வேண்டும், போட்டுப் பார்க்க ஒரு மறைவு இருக்க வேண்டும். வருகிறவர்கள் பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் லாண்டரி முன் ஹாலில் தொங்கிய நீளநீளமான கம்பிகள் மேல் விழுந்தது. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அண்ணி அதற்குக்கூடக் கோபப்படவில்லை.

ஊர் துணி கொடுத்தது. பழசைக் கழிக்க நல்ல காரணம் கிடைத்த சந்தோஷத்தில் சிலர் கொடுத்ததும் உண்டு. ஜோடி இல்லாத காலுறைகள் ஒரு பை நிறைய வந்தன. கழுத்தில் கட்டும் டைகள் ஒரு கத்தை வந்தன, ஓடி வந்தவர்கள் எல்லாரும் மறுநாளே கம்பெனி மேனேஜர் ஆகப் போகிறவர்கள் போல. நாடகக் குழு ஒன்று கலைந்தபோது மிஞ்சிய ராஜா உடுப்பு, ஜரிகைக் கிரீடத்தோடு வந்து சேர்ந்தது. மாமனார் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "யாரங்கே" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி எல்லாவற்றையும் பிரித்து, கறை பார்த்து, துவைத்து, பட்டன் வைத்து, தேய்த்துத் தொங்கவிட்டாள். கிழிந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கினாள். தான் உடுத்தத் தயங்குவதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவளுடைய கணக்கு.

வெள்ளிக்கிழமை தொங்கவிட்டுப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. பெண்கள் துணி நிரம்பி வழிந்தது. குழந்தைகள் துணிக்கு மேஜை போதவில்லை. ஆண்கள் பக்கத்துக் கம்பி மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆண்பிள்ளைகள் சட்டையைக் கிழியும்வரை விடுவதில்லை, கிழிந்த பிறகு அது சைக்கிள் துடைக்கப் போய்விடுகிறது.

அப்போதுதான் டீச்சர் அதைச் சொன்னாள். "மேல அண்ணனோட சட்டை பீரோ நிறைய சும்மாதானே அண்ணி தொங்குது."

அண்ணி துவைக்கும் இயந்திரத்தின் மூடியைப் படாரென்று சாத்தி, விசையைத் தட்டினாள். அந்தச் சத்தத்தோடு இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு நின்றது.

சும்மா தொங்குகிறதாம்.

கப்பலில் மெக்கானிக் வேலை என்று அவன் கிளம்பியபோது கல்யாணமாகி மூன்று வருடம். இரண்டு வருடம்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றான். அவள் கண்ணை மூடித் திறந்து நாலு வருடம் ஆகிவிட்டது. முதலில் வாரம் ஒரு தடவை போன் வந்தது, பிறகு மாதம் ஒரு தடவை. கடைசியாக இரண்டு மாதத்துக்கு முன்னால் பேசியபோது, கப்பல் ரொம்பத் தூரம் போகிறது, சிக்னல் கிடைக்காது என்றான். அவள் சரி என்றாள். அவன் சொன்ன எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள்.

மாதம் ஒரு தடவை அவன் சட்டைகளைப் பீரோவிலிருந்து இறக்குவாள். யாரும் போடாத சட்டையில் அழுக்கு ஏது? இருந்தாலும் துவைப்பாள், தேய்ப்பாள், காலர் மடங்காமல் மாட்டி வைப்பாள். திடீரென்று வந்து நின்றால் மாற்றுவதற்கு ஒன்று வேண்டும் அல்லவா? அதைத்தான் நாத்தனார் சும்மா என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். டீச்சர் படியில் நின்று விதியைச் சொன்னாள். நேரில் வந்தவர்களுக்கு மட்டும். தலைக்கு இரண்டு ஜோடி. யாரும் யாருக்காகவும் எடுத்துப் போக வேண்டாம், நடக்க முடியாதவர்களைத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னாள். முதல் தடவை நடந்த கூத்து எல்லாருக்கும் ஞாபகம் இருந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை.

அண்ணி பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆண்கள் பக்கம் மாமனாருடையது. முதலில் எல்லாரும் கோவிலுக்குள் நுழைகிறவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொடலாமா என்று ஒரு பெண் கேட்டாள். தொட்டுப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று அண்ணி ஒரு கவுனை எடுத்து அவள் தோளில் வைத்துக் காட்டினாள். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. துணியைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கூட்டம் கடைக்கு வந்த கூட்டமாகவே மாறிவிட்டது. இந்த நிறம் எனக்கு எடுக்காது என்று ஒருத்தி சொன்னாள். அளவு சரியாக இருந்தும் பொத்தான் பிடிக்கவில்லை என்று இன்னொருத்தி வைத்துவிட்டாள். அதைக் கேட்டு டீச்சரின் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்த்து, கோபத்தை மறந்து அண்ணிக்கே ஒரு தடவை சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

மதியம் கூட்டம் கரைந்த பிறகு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்திறங்கிய அன்று யாரோ போர்த்திவிட்ட பெரிய கோட்டை இன்னும் போட்டிருந்தாள். கை நீளத்தை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளாம், குடியிருப்பில் எல்லாருக்கும் காயம் கட்டுவது அவள்தான் என்று முன்னால் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். தன் முறையை இரண்டு மூன்று பேருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசியில் வந்திருந்தாள்.

தனக்கென்று இரண்டு ஜோடியை நின்ற நிலையில் எடுத்துக்கொண்டாள். போட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஆண்கள் பக்கம் போனாள். மாமனார் அப்போது அங்கே இல்லை. அவள் ஒரு சட்டையைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

அண்ணி பக்கத்தில் போனாள். "யாருக்கும்மா பாக்கறீங்க?"

"வீட்டுக்காரருக்கு."

"அவரை வரச் சொல்லுங்களேன். நேர்ல வந்தா அளவு பாத்துக் குடுத்துடலாம்."

"அவர் இன்னும் வரலக்கா" என்றாள் நர்ஸ்.

கதை நீளமில்லை. எல்லைக்கு இந்தப்பக்கம் வரும்போது இரண்டு லாரிகள் நின்றன. பெண்களும் குழந்தைகளும் முதல் லாரியில் ஏறச் சொன்னார்கள். பின்னாலேயே வருகிறேன் என்று அவர் கையைக் காட்டினார். அந்த இரண்டாவது லாரியை அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. வேறு வழியாகப் போயிருக்கலாம், வேறு முகாமில் இருக்கலாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அழாமல், அடுத்த வார்டில் இருக்கும் நோயாளியைப் பற்றிச் சொல்கிறவளைப் போல அவள் சொன்னாள்.

"வந்தா மாத்திக்க ஒண்ணு வேணுமில்லக்கா. போட்டிருந்தது ஒரே சட்டை."

விதி அண்ணிக்குத் தெரியும். இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது. "அளவு என்ன?"

"நம்பர் எல்லாம் தெரியாது. ஆனா அளவு தெரியும்."

அவள் தன்னுடைய இரண்டு ஜோடியையும் மேஜையில் வைத்தாள். கம்பியிலிருந்து ஒரு சட்டையை ஹேங்கரோடு எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த உயரமான கொக்கியில் மாட்டினாள். கழுத்திலிருந்து கீழ்வரை பட்டன்களைப் போட்டாள். பிறகு, பக்கத்தில் ஆள் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டு கையாலும் அந்தச் சட்டையைச் சுற்றிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது ரொம்ப அகலம்" என்று எடுத்துவிட்டாள்.

அடுத்ததை மாட்டினாள். முகவாயைத் தோள் தையலில் வைத்துப் பார்த்தாள். தோள் இறங்குகிறது என்றாள்.

அண்ணி உதவிக்காக இன்னும் இரண்டு சட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் நர்ஸ் மூன்றாவது ஒன்றைத் தானே எடுத்து மாட்டியிருந்தாள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. கன்னம் சட்டையின் பையில் பதிந்திருந்தது. தெருவில் ஏதோ வண்டி போயிற்று. அவள் அசையவில்லை.

"இதுதான்" என்றாள் கடைசியில். "இது அவர் அளவேதான்."

அண்ணி அப்போதுதான் சட்டையைப் பார்த்தாள்.

வெளிர் பச்சை, அதில் மெல்லிசாக வெள்ளைக் கோடு. மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் மற்றதைவிட ஒரு சுற்று சின்னது. பழைய பட்டன் உடைந்தபோது ஒத்தது கிடைக்காமல், வேறொரு சட்டையிலிருந்து பிரித்து அவள்தான் தைத்தாள். கழற்றிக் கொடுக்கப் பொறுமையில்லாமல், போட்டபடியே தைக்கச் சொல்லி அவன் அவள் முன்னால் நின்றிருந்தான்.

இது எப்படி இங்கே வந்தது?

கையில் இருந்த சட்டைகளைக் கீழே வைத்தாள். அதைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கை துடித்தது. மன்னிச்சுக்கோங்க, இது தப்பி வந்துவிட்டது என்று சொன்னால் போதும். அந்தப் பெண் மறுபேச்சுப் பேச மாட்டாள்.

"அக்கா" என்றாள் நர்ஸ். "நான் அவரைப் பாத்து நாலு மாசம் ஆச்சு. என் ஞாபகமே என்னை ஏமாத்துதோ என்னவோ. நீங்க ஒரு தடவை பிடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். ஒல்லியான ஆள் சட்டைதானே இது?"

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அண்ணி முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டி, தன் புருஷனின் சட்டையைச் சுற்றிப் பிடித்தாள்.

அவன் காலர் அளவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். கை நீளம், தோள் அகலம், எந்தச் சட்டை சுருங்கும், எது சாயம் போகும் எல்லாம் தெரியும். ஆனால் இப்படி நின்றால் தன் நெற்றி அவனுக்கு எங்கே வரும்? கழுத்துக்கா, தோளுக்கா? கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் சேருமா, சேராதா? யோசித்துப் பார்த்தாள். கைக்கு ஞாபகம் இல்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவள் போட்ட சோப்பின் வாசனைதான் வந்தது. மாதாமாதம் துவைத்துத் துவைத்து, அவனை அந்தச் சட்டையிலிருந்து அவளே முழுசாக எடுத்துவிட்டிருந்தாள்.

"ஒல்லியான ஆள் சட்டைதான்" என்றாள்.

இந்த நேரம் பார்த்து டீச்சர் வந்தாள். விஷயம் புரிய அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. நர்ஸிடம் தன்மையாகத்தான் பேசினாள். நேரில் வந்தவர்களுக்கே ஆண்கள் சட்டை போதவில்லை, காலையில் நாலைந்து பேர் ஒரு ஜோடியோடு திரும்பினார்கள் என்று எடுத்துச் சொன்னாள். நர்ஸ் சண்டைக்குப் போகவில்லை. தனக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு ஜோடியையும் மேஜையிலிருந்து எடுத்து டீச்சர் பக்கம் தள்ளினாள்.

"எனக்கு இந்தக் கோட்டே போதும். இதுக்குப் பதிலா அந்தச் சட்டையைக் குடுங்க."

டீச்சரின் முகம் மாறிற்று. குரல் கம்மியது. "நான் ஒருத்தருக்குக் குடுத்தா இன்னொருத்தருக்கு எப்படி இல்லைன்னு சொல்லுவேன்? வராதவங்களுக்கும் எடுத்து வைக்கணும்னா, உங்கள்ல யாருக்குத்தாங்க வராதவங்க இல்ல?"

அண்ணி சட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். மேஜையில் விரித்து, கையை உள்ளே மடித்து, காலர் மேலே தெரியும்படி மடித்தாள். நாத்தனாரைப் பார்த்து, இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினாள்.

"உன் விதி சரிதான். ஆனா இது ஊர் குடுத்த துணி இல்ல. என் வீட்டுச் சட்டை. இதை யாருக்குக் குடுக்கணும்னு நான்தான் சொல்லணும்."

டீச்சர் குனிந்து பார்த்தாள். மூன்றாவது பட்டன் அவளுக்கும் தெரியும் போலிருக்கிறது. அண்ணியையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் யாரோ கூப்பிட்டது மாதிரி நகர்ந்து போனாள். யாரும் கூப்பிடவில்லை.

நர்ஸ் இரண்டு கையாலும் சட்டையை வாங்கிக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரரோடதா? அவருக்கு வேண்டாமா?"

"அவர் ஊர்ல இல்ல."

"எப்ப வர்றார்?"

இந்தக் கேள்வியை லாண்டரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். சீக்கிரம் வந்துடுவார் என்ற பதில் அண்ணியின் நாக்கு நுனியிலேயே இருக்கும். இன்றைக்கு அது வரவில்லை.

"தெரியல" என்றாள்.

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். சட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மற்ற கையால் அண்ணியின் மணிக்கட்டை ஒரு நொடி பிடித்தாள். நாடி பார்ப்பதைப் போல இருந்தது. பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள். அவள் திருப்பிக் கொடுத்த இரண்டு ஜோடியை டீச்சர் ஓடிப்போய் வாசலில் அவள் கையில் திணித்ததை அண்ணி பார்க்கவில்லை. அதற்குள் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள்.

பீரோவைத் திறந்தாள். வெறும் ஹேங்கர்கள். கதவைத் திறந்த வேகத்தில் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. நீலக் கட்டம் போட்டது, கல்யாணத்துக்கு அடுத்த வாரம் எடுத்தது, வேலைக்குப் போட்டுப் போனது, ஒன்றும் இல்லை.

ஜன்னலுக்கு ஓடினாள். ஆலைக் குடியிருப்புக்குப் போகும் சாலையில் ஆட்கள் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன், நீலக் கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் தோளைச் சாய்த்து நடந்தான். மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் திரும்ப வேண்டும் என்று நின்றாள். அவன் திரும்பினான். யாரோ ஒரு பையைத் தவறவிட்டிருந்தார்கள், அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தான். முன்பின் தெரியாத முகம், நரைத்த மீசை.

அவள் கீழே இறங்கிப் பின்முற்றத்துக்குப் போனாள்.

மாமனார் அங்கேதான் இருந்தார். காயப்போடும் கயிறுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலிப் பைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மடிப்பது நின்றது.

"நீங்கதானே மாமா?"

"நான்தான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா குடுத்திருக்க மாட்ட."

அவளுக்குக் கோபம் பொங்கியது. பெத்த மகன் சட்டையை ஊருக்குத் தூக்கிக் கொடுக்க இவருக்கு எப்படிக் கை வந்தது? அவர் நாளைக்கே வந்து நின்றால் எதைப் போட்டுக்கொள்வார்? கேட்டுவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மாமனார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"அவன் வந்தாலும் அந்தச் சட்டை எதுவும் அவனுக்குச் சேராதும்மா. உடம்பு போட்டுட்டான்."

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டைப் பையில் இருந்த போனை, அது இருக்கிறதா என்று பார்க்கிறவரைப் போலத் தொட்டார். அந்தக் கை அவரைக் காட்டிக் கொடுத்தது.

"பேசறாரா?"

"பேசறான்."

"எப்பலேர்ந்து?"

"வாராவாரம் பேசறான்ம்மா. புதன்கிழமை நான் நூலகத்துக்குப் போறேன்னு போவேனே, அப்ப."

"கப்பல்ல சிக்னல் இல்லைன்னு சொன்னார்."

"கப்பல்ல இருந்தாத்தானே" என்றார் மாமனார். "அவன் கப்பலை விட்டு இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏதோ துறைமுகத்து ஊர்ல ஒரு பட்டறையில இருக்கான். எதுக்கு இறங்கினான், ஏன் அங்கேயே இருக்கான், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். சாப்டியான்னு கேப்பேன். சாப்டேன்ம்பான். உடம்பு போட்டுட்டேன்பான், சிரிப்பான்."

"எப்ப வர்றார்னு நீங்க கேக்கலையா?"

மாமனார் மடியில் இருந்த பையைத் தடவித் தடவி, இல்லாத சுருக்கத்தை எடுத்தார்.

"ஒரு தடவை கேட்டேன். அடுத்த ரெண்டு வாரம் போன் வரல. அதுலேர்ந்து கேக்கறதில்ல. கேட்டா அதுவும் நின்னு போயிடுமோன்னு பயமா இருக்கு."

முற்றத்தில் காற்று வீசியது. காயாத பெட்ஷீட் ஒன்று எழும்பி இருவருக்கும் நடுவே வந்து விழுந்தது. அண்ணி அதை ஒதுக்கினாள். அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டில் காத்துக்கொண்டிருப்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த மனுஷன் வாரத்தில் ஆறு நாள் புதன்கிழமைக்காகக் காத்திருக்கிறார், அதையும் அவளுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு.

"மாசாமாசம் நீ அந்தச் சட்டையை எல்லாம் இறக்கறே" என்றார். "துவைக்கறே, தேய்க்கறே, மாட்டறே. நான் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வரும். சொல்ல முடியல. அதான் சட்டையை எடுத்துட்டேன்."

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. உள்ளே என்னவோ காலியாகி, அந்த இடத்தில் ஒரே ஒரு எண்ணம் மட்டும் நின்றது. அவர் உயிரோடு இருக்கிறார். நினைத்தால் பேச முடிகிற இடத்தில் இருக்கிறார். லாரி எந்தப் பக்கம் போயிற்று என்றுகூடத் தெரியாத ஒருத்தி, ஒரு சட்டைக்காக உடுப்பையெல்லாம் திருப்பிக் கொடுத்தாள். தனக்குக் குரல் இருக்கிறது, நம்பர் இருக்கிறது, இரண்டு மாதமாக அவர் சொன்னதற்குச் சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்தாள். கையை நீட்டினாள்.

"போடுங்க மாமா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா. அவன் புதன்கிழமைதான்..."

"போடுங்க."

மாமனார் போனை எடுத்தார். கட்டை விரலால் அழுத்தினார். காதில் வைக்கப் போனவர், அவளைப் பார்த்துவிட்டு அப்படியே அவளிடம் கொடுத்தார்.

மணி அடித்தது. கடைக்குள்ளிருந்து டீச்சர் "அண்ணி" என்று கூப்பிடுவது கேட்டது. திரும்பவும் மணி அடித்தது. எடுக்க மாட்டார், புதன்கிழமை இல்லையே, எடுக்க மாட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எங்கோ கடல் கடந்து ஒரு பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, பக்கத்து அறையிலிருந்து பேசுவதைப் போலத் தெளிவாக, அந்தக் குரல்.

"என்னப்பா, இன்னிக்குப் போட்டிருக்கீங்க? அவ பக்கத்துல இல்லையே?"

அண்ணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள்.